மிசின் சத்தத்தில் சாடை எடுபடாது

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி இன்னொருத்தியோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்றால், அன்றைக்குத்தான் அவள் நிறையப் பேச ஆரம்பிப்பாள். நேருக்கு நேர் பேசமாட்டாள், அவ்வளவுதான். கோழியிடம் பேசுவாள், பூனையிடம் பேசுவாள், எரியாத விறகிடம் பேசுவாள். யார் காதில் விழ வேண்டுமோ அவள் காதில் போய் விழும். இதற்குச் சாடை என்று பேர். மலேசியாவில், கேமரன் மலையில் ரிங்லெட்டைத் தாண்டி உள்ளே போகும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாடை பேசத் தெரியாத பெண்ணுக்கு மரியாதையே கிடையாது. நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் ஊமை மாதிரி இருந்தேன். சீக்கிரமே தேறிவிட்டேன்.

என்னைத் தேற்றிவிட்ட புண்ணியம் என் ஓரகத்தியைச் சேரும். என் கணவருடைய அண்ணன் மனைவி. முறைக்கு எனக்கு அக்கா. மரியாதையாக ‘அவர்’ என்று எழுதத்தான் பார்க்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. அவள் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுச்சுவர் கூரைவரைக்கும் ஏறாது. அவள் கருவாடு வறுத்தால் என் வீட்டில் பிள்ளைகள் கூட ஒரு கரண்டி சோறு கேட்கும்.

எங்கள் பேச்சு நின்றது ஒரு சௌசௌக்காயால். கொல்லையில் அவள் கொடி நட்டிருந்தாள். கொடிக்கு என்ன தெரியும், வேலியைத் தாண்டி என் பக்கம் வந்து காய்த்தது. என் பக்கம் தொங்கிய காயை நான் பறித்துச் சாம்பாரில் போட்டேன். தப்பா? இன்றைக்கும் கேட்கிறேன், தப்பா? மறுநாள் அவள் தன் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஏ கோழி, அந்தப் பக்கம் மேயப் போவாத. கை நீண்ட சென்மமெல்லாம் இருக்கு,” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயடியில் குண்டானைப் போட்டு நறநறவென்று தேய்த்தபடி, “ஏ குண்டான், ஒத்தக் காய்க்கு உசுர விடுற மனுசங்களும் இருக்காங்க, பாத்துக்க,” என்றேன். அத்தோடு நேர்ப்பேச்சு முடிந்தது. அதன் பிறகு வருசக்கணக்காக அவளுக்குக் கோழி, எனக்குக் குண்டான். அண்ணனும் தம்பியும் எங்களைக் கண்டுகொள்ளாமல் சேர்ந்து பந்து பார்க்கப் போய்வந்தார்கள்.

வேலைக்காட்டில் அவ்வளவு தொந்தரவில்லை. எழுபதுகளில் நாங்கள் கொழுந்தைக் கையால் எடுத்தோம். ஆளுக்கொரு வரிசைச் செடி, அதுதான் நிரை; அவள் மலையின் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. என் பக்கத்து நிரையில் ஒரு குட்டையான பெண் இருந்தாள், என் கூட்டாளி. கூடை நிறைய நிறைய அவளும் நானும் ஊர்க்கதை பேசித் தீர்ப்போம். பிறகு கத்தரி வந்தது. கொழுந்து விழ ஒரு தட்டு வைத்த பெரிய கத்தரி. ‘இனி ஆள் வேணாம், எல்லாரையும் மலைக்குக் கீழ தாப்பாவுக்கு எறக்கி விட்டுருவான்’ என்று அப்போதே லயத்தில் ஒரே புலம்பல். ஒருத்தரும் இறங்கவில்லை. விரல்வலி தோள்வலியாக மாறியதுதான் மிச்சம்.

அதனால் எண்பதுகளில் கங்காணி வந்து, “மிசின் வருது, தெரியுமா?” என்றபோது நான் சிரித்தேன்.

இந்தத் தடவை சிரிக்கிற விஷயமில்லை என்று மிசினைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டும். நிரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. ஒரு முனையில் இஞ்சின், நடுவில் செடியின் தலைக்கு ஏற்றமாதிரி வளைந்த கத்தி. வெட்டிய கொழுந்தை அதுவே காற்றடித்துப் பின்னால் இழுபடும் நீளத் துணிப்பைக்குள் தள்ளிவிடும். நாங்கள் ஒரு கூட்டமாகப் போய் நாள் முழுக்க எடுக்கும் மலையை அது மத்தியானச் சோற்றுக்குள் மொட்டையடித்துவிட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. குனிந்து குனிந்து ஒடிந்த முதுகு எனக்கு. இதை நிமிர்ந்து நின்றே ஓட்டலாம்.

காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கெழுதும் கிராணி நிலவரத்தைச் சொன்னார். மிசின் தூக்குகிற ஜோடிகளுக்கு வேலை உண்டு. மற்றவர்களுக்குத் தோட்டம் கணக்கு முடித்துக் கொடுத்துவிடும். வேலை போனால்கூட வேறு வேலை தேடலாம். வீடு? தோட்டத்தில் பேர் இருந்தால்தான் லயத்தில் வீடு. என் கணவர் திரிங்காப்பில் காய்கறி லோரிக்குப் போகிறவர். அவள் புருஷன் கோலா தெர்லாவில் கோஸ் தோட்டத்தில் வேலை. இரண்டு ஆண்களுக்கும் இங்கே பேர் கிடையாது. இரண்டு வீடும் எங்கள் இரண்டு பேருடைய பேரில்தான் நின்றன. பிள்ளைகள் அந்த வீடுகளிலிருந்துதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். பேர் போனால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

ஜோடியை உயரம் பார்த்துத்தான் பிரித்தார்கள். ஒருத்தி நெட்டை ஒருத்தி குட்டை என்றால் கத்தி சரிந்து செடி ஒரு பக்கம் வழுக்கையாகிவிடும். பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கங்காணி நடந்து பார்த்தார். என் முன்னால் நின்றார். அந்தக் கோடியைப் பார்த்தார். “யம்மா, நீ இங்க வா,” என்று கையைக் காட்டி ஒருத்தியைக் கூப்பிட்டார். வந்து என் பக்கத்தில் நின்றவள் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. களம் முழுக்கச் சிரித்ததில் தெரிந்துபோனது.

“கங்காணி, வேற ஆளே இல்லியா?” என்றேன்.

“மயிரிழ கூடக் கொறைய இல்லாம ரெண்டு பேரும் ஒரே ஒசரம். நான் என்னா செய்ய? ஒங்க மாமியா அளந்து பாத்துத்தான் பொண்ணு எடுத்துருக்காங்க போல,” என்றார் அந்த மனுஷன். மறுபடியும் சிரிப்பு.

அவள் மிசினைப் பார்த்துப் பேசினாள். “ஏ மிசினு, ஒன் தலையெழுத்தப் பாரு, எவ கையிலல்லாம் மாட்டிக்கிட்ட.”

சோதனை பார்த்த நாள் தோட்டத்துத் துரையே ஜீப்பில் வந்துவிட்டார். மலாய்க்காரர், நல்ல மாதிரி. ஆனால் புது மிசின் என்றால் பச்சைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். இஞ்சின் முனை கனம் என்பதால் உடம்பில் வலுவுள்ளவள் என்று அவளை அந்தப் பக்கம் நிறுத்தினார் கங்காணி. இஞ்சின் கயிற்றை இழுத்துக் கிளப்பினார். அம்மாடி, அந்தச் சத்தம்! மண்டைக்குள் யாரோ தகரம் தட்டுகிற மாதிரி இருந்தது. பாதி நிரை ஒழுங்காகத்தான் போனோம். அவள் கண் கத்தியிலேயே இருந்தது. என் கண் அவள் காலடியைப் பார்த்தது. மழைத்தண்ணீர் இறங்க வெட்டின கான் ஒன்று அவள் பக்கம் வருகிறது, பெரணிச்செடி முளைத்து மூடிக் கிடக்கிறது, அவள் பார்க்கவில்லை.

‘அக்கா, கான்’ என்று கத்தியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் அவ்வளவு வருசப் பழக்கம் லேசில் போகுமா? என் வாய் தானாகத் தேயிலைச் செடியிடம் போனது. “ஏ செடி, முன்னால கான் இருக்கிறது சில பேரு கண்ணுக்குத் தெரியாதா?” என்று செடியைப் பார்த்துச் சொன்னேன். இஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னும் உரக்கச் சொன்னேன். அடுத்த எட்டில் அவள் கால் கானுக்குள் போனது. மிசின் சாய்ந்தது, அவள் கை இஞ்சினுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டியது, இஞ்சின் பொசுக்கென்று நின்றது. அந்த அமைதியில் என் குரல் மட்டும் மலை முழுக்க ஒலித்தது: “கண்ண எங்க அடகு வச்சாங்களோ!”

துரை என்னைப் பார்த்தார். கங்காணி தலையில் கை வைத்தார். அவள் கானிலிருந்து எழுந்து சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு எதுவுமே பேசவில்லை. கோழி பக்கத்தில் இருந்திருந்தால் அதனிடம்கூடப் பேசியிருக்கமாட்டாள்.

“போலே கா, தாக் போலே?” என்று துரை கங்காணியிடம் கேட்டார். முடியுமா முடியாதா என்று அர்த்தம். அடுத்த வாரம் இன்னொரு தரம் ஓட்டிக் காட்டலாம், அப்போதும் தகராறு என்றால் எங்கள் இடத்துக்கு மேல் லயத்து ஜோடி என்று முடிவானது.

அன்று சாயங்காலம் என் கணவர் லோரியிலிருந்து இறங்குவதற்குள் விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. “ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசிக்கலாம், இல்லாட்டி மூட்டையக் கட்டலாம். ஒங்க இஷ்டம்லா,” என்றார்.

“அவங்க மொதல்ல பேசட்டும்.”

“அங்க அண்ணனும் இதையேதான் சொல்லிப் பாத்தாராம். அண்ணியும் ஒன்ன மாதிரியேதான் சொன்னாங்களாம்.” அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அப்போது சுவருக்கு மேலே தைல வாசனை வந்தது. குப்பியைக் கவிழ்த்துக் கொட்டினமாதிரி வாசனை. கைக்குத்தான் போடுகிறாள் என்று தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் நானா முதலில் பேசுவது? சிறிது நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

“ஏ கோழி, அந்த மிசினு போடுற சத்தத்துல வாயால ஒண்ணும் ஆவாது. புடியத்தான் ஆட்டிக் காட்டணும்.”

நான் அவசரமாகக் குண்டானை எடுத்தேன். “ஏ குண்டான், ஒருக்கா ஒதறுனா நின்னுடணும். சரியா?”

“கோழி, ரெண்டு தரம் ஒதறுனா கான் வருதுன்னு அர்த்தம்.”

“குண்டான், மேல தூக்குனா கல்லு.”

உள்ளே என் கணவர் ஈரத்தலையோடு நின்று சிரித்தார். அந்தச் சாயங்காலம் கோழியும் குண்டானும் பேசிப்பேசி எல்லாவற்றையும் முடிவு செய்தன. மறுநாள் வேலை விட்டு வந்ததும் துணி காயப்போடும் மூங்கில் கழியை அவள் வேலிமேல் நீட்டினாள். இந்த முனையை நான் பிடித்தேன். வேலிதான் நிரை. அவள் அவள் பக்கம், நான் என் பக்கம், கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லையில் மேலும் கீழும் நடந்தோம். ஒரு வார்த்தை கிடையாது. கழி மட்டும் உதறும், நிற்கும், ஏறும், இறங்கும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். லயத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்று, “என்னாடி இது, கழி கல்யாணமா?” என்று கேலி பண்ணினார்கள். அந்த வாரம் முழுக்கத் தினமும் நடந்தோம்.

வாயைவிடக் கழி நிறையச் சொல்லும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் முனை நடுங்கிக்கொண்டே இருந்தது. நாளாக நாளாகக் குறையவும் இல்லை. கை வீங்கியிருக்கிறது, இஞ்சின் முனையை அந்தக் கையால் தாங்க முடியாது, அதை யாரிடமும் சொல்லவும் மாட்டாள். சொன்னால் பேரை அடித்துவிடுவார்கள். என்னிடம் இடம் மாற்றிக்கொள் என்று கேட்கவும் மாட்டாள், கேட்டால் முதலில் பேசினவள் ஆகிவிடுவாளே! நல்ல பிடிவாதம். என்னைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் அதே வியாதிதான்.

அதே வாரத்தில்தான் என் குட்டைக் கூட்டாளி புறப்பட்டாள். உயரம் போதாது என்று அவளை எந்த ஜோடியிலும் சேர்க்கவில்லை. ஈப்போவில் அவள் தம்பி வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களாம். லோரியில் சாமான் ஏற்றும்போது, “இங்க மிசினுக்கு நான் பத்தல. அங்கயும் மிசினுதான், ஆனா ஒக்காந்துக்கிட்டே ஓட்டலாமாம்டி, குட்டைன்னா ஒண்ணுமில்ல,” என்று சிரித்தாள். நான்தான் அழுதேன். அடுத்த தீபாவளிக்குக் கைப்பையும் உதட்டுச் சாயமுமாக வந்து நின்றாள், மேலே குளிர் தாங்கவில்லை என்று அலட்டினாள். எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. எங்கள் வரிசையில் சில வீடுகள் பூட்டியே கிடந்தன. பூட்டின கதவைக் கடந்து பெரட்டுக்குப் போகும்போது மடியில் என் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இரண்டாவது சோதனை நாள் நான் சீக்கிரமாகவே மலைக்குப் போய்விட்டேன். மிசின் நிரையின் தலையில் வைத்திருந்தது. நேரே போய் இஞ்சின் முனையில் நின்றுகொண்டேன். அவள் வந்தாள், பார்த்தாள், முறைத்தாள். பிறகு அந்தப் பக்கம் போனாள். நீளக்கைச் சட்டையை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

“ஏம்மா எடம் மாறி நிக்கிறீங்க?” என்றார் கங்காணி.

“எனக்கு இந்தப் பக்கந்தான் ஒத்துவருது,” என்றேன்.

அவர் நம்பவில்லை. கங்காணி வேலை சும்மாவா வரும்? நேரே அவளிடம் போய், “கையக் காட்டு,” என்றார். அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். அவர் விடவில்லை. சட்டைக்கையை ஏற்றினால், மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போய்த் துணி சுற்றியிருக்கிறது.

“இந்தக் கையோடவா மிசின் தூக்க வந்த? மறுபடியும் விழுந்தா என் தலைதான்மா உருளும்,” என்று சொல்லிக்கொண்டே அவர் துரையைப் பார்த்தார். துரையும் பக்கத்தில் வந்து பார்த்தார். இரண்டு பேரும் மலாயில் ஏதோ பேசினார்கள். அப்புறம் கங்காணி என்னிடம் திரும்பினார்.

“ஒனக்கு ஒண்ணும் பிரச்சன இல்ல. மேல் லயத்துல ஒன் ஒசரத்துக்கு ஒரு பொண்ணு இருக்கு. அதக் கூட்டியாறேன். ஒன் பேரு நிக்கும். இவங்களுக்குத்தான் கணக்கு முடிக்கணும்.”

என் பேர் நிற்கும். என் வீடு நிற்கும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். அவளைப் பார்த்தேன். அவள் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செடியிடம் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். பேசவில்லை. சட்டைக்கையை மட்டும் மறுபடி விரல்வரை இழுத்துவிட்டாள். அத்தனை வருசத்தில் அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். “வேற யாரையும் கூட்டியாற வேணாம்,” என்றேன். “எங்க அக்கா தூக்காத மிசின நானும் தூக்கமாட்டேன். எழுதுறதுன்னா ரெண்டு பேரயும் எழுதுங்க. இல்லன்னா ரெண்டு பேரு பேரயும் அடிங்க. அம்புட்டுத்தான்!”

சொன்ன பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது. இதை என் கணவரிடம் எப்படிச் சொல்வேன்?

அப்போது, “லூசாடி நீ?” என்று ஒரு கத்தல் கேட்டது.

கங்காணி திரும்பினார். துரை திரும்பினார். அவள்தான். கோழியும் இல்லை, செடியும் இல்லை. நேராக என் முகத்தைப் பார்த்து, வீங்கின கையையே நீட்டிக் கத்துகிறாள். “ஒன் வீடும் சேந்து போவும்டி! பிள்ளைங்கள நெனச்சியா? அறிவு இருக்கா ஒனக்கு? எனக்காவ நீ எதுக்குடி ஒன் பேர அடிக்கச் சொல்ற?”

“நான் என் வாயால சொல்றேன், ஒங்களுக்கென்ன?”

“வாயா அது? அன்னிக்குக் கான் வர்றப்ப எங்கடி போச்சு அந்த வாயி?”

“சொன்னேன்! ஒங்களுக்குத்தான் கேக்கல!”

“செடிகிட்ட சொன்னா எனக்கு எப்படிடி கேக்கும்?”

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. “கெனாப்பா?” என்று கங்காணியிடம் கேட்டார், ஏன் சண்டை என்று அர்த்தம். கங்காணி என்ன மொழிபெயர்த்தாரோ தெரியாது, துரை வாயைக் கையால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. திரும்பி வந்து ஒரே ஒரு விரலைக் காட்டினார். ஒரு தரம், ஒரே ஒரு நிரை.

கங்காணி இஞ்சினைக் கிளப்பினார். அவள் கைப்பிடியை முழங்கை மடிப்பில் வாங்கிக்கொண்டாள். லேசான முனை அது, அப்படியே தாங்கிவிட்டாள். இரண்டு உதறல் வந்தது. என் பக்கம் கான். தாண்டினேன். ஒரு உதறல் கொடுத்தேன்; நின்றாள். மேலே தூக்கினாள், நானும் தூக்கினேன், கல் கீழே போனது. இவ்வளவுக்கும் அவள் வாய் ஓயவில்லை. இஞ்சின் சத்தத்தில் ஒரு எழுத்தும் எனக்குக் கேட்கவில்லை. என்னைத்தான் திட்டுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது, சிரிப்பும் வந்தது. நிரையின் கடைசியில் திரும்பிப் பார்த்தால் செடியெல்லாம் பலகை போட்டுத் தேய்த்தமாதிரி மட்டமாக இருந்தது. துரை குனிந்து கையால் தடவிப் பார்த்தார். கிராணியைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் எழுதச் சொன்னார். கை ஆறும்வரை இடம் மாறியே நிற்கட்டும் என்றார்.

லயத்துக்கு இறங்கி வரும்போதும் அவள் விடவில்லை.

“அந்தத் தொரை மாட்டேன்னு சொல்லியிருந்தா? வீட்ட விட்டுட்டு எங்கடி போயி நின்னிருப்ப?”

“ஒங்க வீட்டுலதான்.”

“என் வீடுந்தான்டி போயிருக்கும், கூறு கெட்டவளே!”

“அப்பன்னா ரெண்டு பேரும் ஒண்ணா நடுரோட்டுல நின்னுருப்போம்லா, அக்கா,” என்றேன். அவள் நடையை நிறுத்தினாள். வீங்காத கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அந்தக் கையை அப்படியே என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.